காலம் தள்ளிய காதை: இருதிணைக் கணினியில் லைசென்ஸ் பிழைகள் குறித்து ஒரு முன்னாய்வு

ஒரே பெட்டியில் விண்டோஸும் லினக்ஸும் குடியிருந்தால் அதை இருதிணைக் கணினி என்க. இவற்றுள் உயர்திணை எது, அஃறிணை எது என்பது எங்கள் லேப்பில் இன்னும் முடியாத வழக்கு. முன்னாய்வுகள் உண்டா என்று நான் தேடவில்லை. 'முன்னாய்வுகள் இல்லை' என்று எழுதுவதே மரபு.

லைசென்ஸ் சர்வர் தரும் பிழைகள் எதிர்மறை எண்களால் சுட்டப்பெறும். மைனஸ் 15: சர்வரைத் தொட முடியவில்லை, 27000 ஆம் போர்ட்டை ஃபயர்வால் மறித்திருக்கும், திறந்து விடுக. மைனஸ் 97: வெண்டர் டீமன் படுத்துவிட்டது, எழுப்புக. மைனஸ் 9: ஹோஸ்ட் ஐடி பொருந்தவில்லை, லேன் கார்டை மாற்றியவரைத் தேடுக.

மைனஸ் 88 இவற்றோடு எண்ணத்தக்கதன்று.

மூலம்: 'சிஸ்டம் கிளாக் ஹாஸ் பீன் செட் பேக்'. பொழிப்பு: கடிகாரம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. விசேடவுரை: காலாவதியான லைசென்ஸை ஓட்டப் பார்க்கிறாய், திருடா. 'திருடா' மூலத்தில் இல்லை, இடைச்செருகல் என்பாரும் உளர் (லேப் நோட்டு, பக். 12, டீக்கறைக்கு மேல்).

தள்ளியவர் யார்? மதர்போர்டில் ஒரு சிறு கடிகாரம் உண்டு. 1984இல் வந்த ஐபிஎம் பீசி ஏடி காலத்து வழக்கம். லினக்ஸ் அதில் யூடிசி நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். ஏடு ஒன்று, உரை இரண்டு. பிற்பகல் 3 மணி வரை விண்டோஸில் வேலை பார்த்து, ஒரு மணி நேரம் லினக்ஸுக்குப் போய், 4 மணிக்குத் திரும்பினேன். விண்டோஸில் மணி காலை 10:30. நான் தின்று முடித்த தயிர் சாதம் இன்னும் டப்பாவில் இருக்கவேண்டிய நேரம். 3 மணிக்கு எழுதிய ஃபைல்களோ இனிமேல்தான் எழுதப்படவேண்டும். லைசென்ஸ் மேலாளர்களில் சில மணி நேரத்தைப் பொறுப்பவையும் உண்டாம், எங்களுடையது பொறுக்கவில்லை (மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டு, பசை போன மூலை, ஒப்புநோக்குக: கீழே விழுந்து கிடக்கும் இன்னொரு மஞ்சள் சீட்டு).

இவ்விடத்தில் வரலாறு பேசாவிட்டால் பட்டம் கிடைக்காது. ஐந்தரை மணி என்பது 82.5 பாகை தீர்க்கரேகை தந்த கணக்கு; 1906 முதல் வழக்கு. அதற்கு முன் ரயில்கள் நம்பிய மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. அதுவே நிலைத்திருந்தால் என் குற்றம் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கும். இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டவர் உண்டு (லேப் அசிஸ்டண்ட், வாய்மொழி, கரண்ட் போன நேரம்; உடனிருந்தோர் இருவர், அவருள் ஒருவர் உறக்கத்தில்). அவருக்கு மறுப்பு நாற்பது பக்கத்தில் தயார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஒரு நூலின் காலத்தை ஐந்நூறு ஆண்டு பின்னுக்குத் தள்ளினால் எங்கள் கருத்தரங்கில் பொன்னாடை போர்த்துவார்கள். ஐந்தரை மணி நேரத்துக்கு இந்த மென்பொருள் கதவைச் சாத்துகிறது. இதை ஒருநாள் மேடையில் நிறுவிப் பார்க்க ஆசை. தலைவரே உள்ளே வரமுடியாது.

தீர்வு எளிது. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று இட்டால், அதுவும் உள்ளூர் நேரத்தையே எழுதும். அல்லது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்ஈஸ்யுனிவர்சல்' என்பதற்கு 1 கொடுத்தால், அது யூடிசியாகப் படிக்கும். இரண்டில் ஒன்று போதும். நான் முதலாவதைச் செய்தேன். என்னிடம் சொல்லாமல் லேப் அசிஸ்டண்ட் இரண்டாவதைச் செய்திருந்தார்.

மறுநாள் மாலை 4 மணிக்கு விண்டோஸைத் திறந்தேன். ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் திரையை ஒருமுறை பார்த்தார், சாவிக்கொத்தை எடுத்தார்.

"சார், ஒன்பதரை ஆயிடுச்சு. பூட்டணும்."