பச்சையும் தாளிப்பும்

கேள்வி: சமையலை விட்டு இயற்கை உணவுக்கு மாறினேன். உடம்பு லேசாகிவிட்டது. ஆனால் பக்கத்து வீட்டில் ரசம் தாளித்தால் மனசு கனத்துவிடுகிறது. இது பலவீனமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: இல்லவே இல்லை அம்மா! வயிறு மாறிவிட்டது, மூக்குக்கு இன்னும் தகவல் போகவில்லை. காந்தியே 1893இல் பிரிட்டோரியாவில் பச்சை உணவை முயன்று பார்த்துக் கைவிட்டார். 1929இல் மறுபடி தொடங்கி, வயிற்றுக்கடுப்பு வந்ததும் நிறுத்தினார். அவரை யாராவது மனவுறுதி இல்லாதவர் என்றார்களா? மேலும், ரசத்தில் போடும் தக்காளியிலுள்ள லைகோபீன் என்ற சத்து வெந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். ஆக, ரசத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. காலையில் பழமும் தேங்காயும், மதியம் ரசம் சாதம் என்று தாராளமாகச் சாப்பிடுங்கள். மரவள்ளிக்கிழங்கை மட்டும் பச்சையாகக் கடித்துவிடாதீர்கள், அதில் சயனைடு உருவாகும்.