கால் மீட்டர் குறையும்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை நெடுஞ்சாலையில் போனாலும், அதை விட்டு இறங்கி தனுவச்சபுரம், செங்கல், காரோடு என்று உள்ளே போனாலும், ஊருக்கு ஒரு தையலக்கா உண்டு. முன்வராந்தாவில் மெஷின். கழுத்தில் அளவு நாடா. வாயில் இரண்டு குண்டூசி. அதனால் பேச்சு பல்லிடுக்கு வழியாகத்தான் வரும். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், பாபினில் நூல் சிக்கும்போது இரண்டும் சேர்ந்த மூன்றாவது ஒன்று. ரவிக்கை தைப்பார், நைட்டி தைப்பார், பள்ளிச் சீருடை தைப்பார். அதெல்லாம் தொழில். துணி சேர்ப்பது குணம்.

அந்தத் துணி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டீல் அலமாரியின் மேல்தட்டு என்பது விருந்தாளிக்குக் காட்டும் கணக்கு. உண்மையான இருப்பு கட்டிலுக்கடியில், தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்து சக்கரம் போன பெட்டியில். அரிசி போடாத அரிசிப் பானையில். மகனின் பிளஸ் டூ புத்தகம் இருந்த, இப்போது புத்தகம் மட்டும் இல்லாத அட்டைப்பெட்டியில். எல்லாவற்றிலும் பாச்சா உருண்டை. அந்த வீட்டில் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தால் ஒரு மாசத்துக்கு நம்மைப் பூச்சி அரிக்காது.

உள்ளே என்னவெல்லாம்? யாரோ தாம்பூலத்தோடு தந்த, யாரும் தைத்துப் போட மாட்டாத எண்பது சென்டிமீட்டர் ரவிக்கைத் துண்டுகள். நைட்டிக்கு வாங்கிய பூப்போட்ட பருத்தி. மூத்தவள் கல்யாணத்துக்குப் பாவாடை தைக்க எடுத்து, அவள் 'எனக்கு லெஹங்கா மதி' என்று சொன்னதால் தங்கிப்போன பட்டு. சுரிதார் மெட்டீரியல் செட்டில் பேன்ட் துணி மட்டும். கட்பீஸ் கடையில் 'சும்மா கிடந்தது' என்று தூக்கி வந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. கேட்டால் சொல்லுவார். கேட்காமலிருப்பது நல்லது.

வருஷத்துக்கு ஒரு தடவை அக்காவுக்கு ஞானம் வரும். கிறிஸ்தவ அக்கா என்றால் நோன்பு காலத்தில். நாற்பது நாள் ஊரில் சிலர் மீனை விடுவார்கள், சிலர் சீரியலை விடுவார்கள், இவர் துணியை விடுவார். இந்து அக்கா என்றால் விருச்சிகம் ஒன்று, வீட்டுக்காரர் மாலை போடும் அதே நாள். அவருக்கு நாற்பத்தொரு நாள், இவருக்கும் நாற்பத்தொரு நாள். அவர் மலைக்குப் போய்த் திரும்பிவிடுவார். இவர் அதுவரை தாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

"இனி ஒரு முழம் துணி வாங்கேன். இருக்கதைத் தச்சுத் தீத்துட்டுத்தான் மத்த சோலி. கேட்டியளா?"

கேட்டோம். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, எல்லை தாண்டித் துணிக்கடைகளுக்குப் போகும் களியக்காவிளை பஸ்ஸில் அக்காவையும் பார்த்தோம்.

நியாயமாகப் பார்த்தால் அக்கா மேல் தப்பில்லை. குற்றம் துணியின் இயல்பில் இருக்கிறது. சேர்த்துவைத்த துணி எதுவாக இருந்தாலும் கால் மீட்டர் குறையும். ரவிக்கைக்கு எடுத்தால் கைக்குப் போதாது. நைட்டிக்கு எடுத்தால் உயரம் பற்றாது. சரியாக இருந்துவிட்டால் லைனிங் இருக்காது. லைனிங்கும் இருந்தால் அந்த நிறத்தில் நூல் இருக்காது. ஆக, இருக்கும் துணியைத் தீர்க்க வேண்டுமானால் இல்லாத துணியை வாங்கியே தீர வேண்டும். கடைக்காரத் தம்பிக்கு இந்தத் தத்துவம் அக்காவை விட நன்றாகத் தெரியும்.

"நான் துணி எடுக்க வரேல்ல மக்கா. கால் மீட்டர் லைனிங், அவ்வளவுதான்."

"எடுக்கவேண்டாம் அக்கா, சும்மா பாருங்க. இன்னலத்தான் கெட்டு பிரிச்சேன்."

கால் மீட்டருக்கு அடியில் மூன்றரை மீட்டர் மடித்து வைக்கப்படுகிறது. பஸ்ஸில் திரும்பும்போது அக்கா பையை மடியில் வைத்து அதன்மேல் கீரைக்கட்டை வைத்துக்கொள்வார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை அமரவிளையில் வணிகவரிச் சோதனைச்சாவடி ஒன்று இருந்தது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சரக்கேற்றி வந்த லாரிக்காரர்கள் அங்கே வியர்த்துப்போய் நிற்பார்கள். அக்கா அந்தச் சாவடிக்குப் பயந்தவரில்லை. அவருடைய சோதனைச்சாவடி வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

"எளா, இது என்னது?"

"இதா? இது பழசாக்கும்."

பொய்யென்று சொல்ல முடியாது. வந்த வேகத்தில் துணியை நனைத்து, அலசி, கொல்லைக் கொடியில் வீட்டுக்காரரின் கைலிக்கும் பேத்தியின் பாவாடைக்கும் நடுவில் காயப்போட்டிருப்பார். ஒரு வெயில் பட்டால் எந்தத் துணியும் பழசுதான். தைக்கும் முன் பருத்தியை நனைத்துக் காயவைத்தால் பிறகு சுருங்காது என்பது தையல் சாஸ்திரம். அது கணவன்மாருக்கும் பயன்படுகிறது என்பது துணைப்பலன்.

அக்காவைக் கெடுத்ததில் இரண்டு அரசாங்கங்களுக்கும் பங்குண்டு. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வரைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்ப் பக்கம் போயின. அதோடு சேர்க்கச் சொல்லித் தலைவர் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸும் கேட்ட நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அரசியல்வாதிகளுக்கு அது நஷ்டக் கணக்கு. அக்காவுக்கு இரட்டை லாபம். குழித்துறைப் பாலத்துக்கு அந்தப்புறம் ஆடித் தள்ளுபடி. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் இந்தப்புறம் ஓணத் தள்ளுபடி. அதற்குப்பின் தீபாவளி, கிறிஸ்துமஸ். அதோடு நின்றதா? தைப்பொங்கலுக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை தருகிறது கேரளம். ஓணத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் விடுமுறை தருகிறது தமிழ்நாடு. கடைக்குப் போக நாளும் கொடுத்து, போய்வர பஸ்ஸும் விட்டு, பிறகு பெண்பிள்ளை துணி வாங்குகிறாள் என்றால் எப்படி?

இவ்வளவு வாங்கினாலும் கத்தரிக்கோல் படாத துணி ஒன்று உண்டு. பாலராமபுரத்துக் கைத்தறி. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில், உம்மிணித் தம்பி திவானாக இருந்தபோது, தமிழ்ப் பக்கத்துச் சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார்கள். இன்றும் குழித்தறியில் காலை இறக்கி, நாடாவைக் கையால் எறிந்து நெய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவதைச் சின்ன வயதில் பார்த்தவர் அக்கா. அதனால் புளியிலைக்கரை வேட்டி நைந்து கிழிந்தாலும் தரைதுடைக்கப் போகாது. செட்டுமுண்டு அற்றுப்போனால் கசவுக்கரையை மட்டும் பக்குவமாகக் கிழித்தெடுத்து, சுருட்டி, பிஸ்கட் டின்னில் வைப்பார். எதற்கு? 'ஆவும்.' எப்போது? அதை யாரும் கேட்கத் துணிந்ததில்லை.

இங்கே கொஞ்சம் சிரிப்பை நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. இந்த மண்ணில் ஒரு துண்டுத் துணிக்காகப் பெண்கள் அடிவாங்கியிருக்கிறார்கள். தோளில் சீலை போட்டதற்கும், மிஷன் அம்மைமார் தைக்கக் கற்றுக்கொடுத்த ஜாக்கெட்டைப் போட்டதற்கும் சந்தையில் வைத்துக் கிழித்தெறிந்தார்கள். 1859 ஜூலை 26-இல்தான் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அக்காவின் பாட்டிக்குப் பாட்டி அந்தக் காலத்தவர். எண்பது சென்டிமீட்டர் துணியை வேண்டாமென்று தள்ள அக்காவின் கை ஏன் வராது என்பதற்கு இதைக் காரணமாகச் சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். "அதொண்ணும் இல்ல, நல்ல கலராக்கும்" என்பார். நானும் வற்புறுத்துவதில்லை.

சரி, சேர்ந்ததைத் தீர்க்க என்ன வழி? இரண்டு வருஷமாக யூடியூப் பார்த்து அக்கா கண்டுபிடித்திருப்பது பேட்ச் ஒர்க். சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்துக் கட்டில் விரிப்பு தைப்பது. ஒட்டுத்துணி தைப்பது உலகத்துக்குப் புதிதில்லை. வடகன்னடத்துச் சித்திப் பெண்கள் உடுத்துக் கழித்த துணியைக்கொண்டே கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச்சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் ஒரு சின்னத் துண்டை மடித்துப் பூவாக வைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அவர்களுக்குத் துணி தீர்வது பிரச்சினையே இல்லை, கிடைப்பதுதான். அக்காவின் உண்மையான உடன்பிறப்புகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஆயுள் முழுக்கத் தைத்தாலும் தீராத இருப்புக்கு அங்கே தனியாகப் பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். 'ஒரு வருஷம் துணி வாங்கமாட்டேன்' என்று கூட்டாகச் சபதம் எடுப்பார்களாம். விஷயத்தைச் சொன்னதும் அக்கா கேட்ட கேள்வி: "அங்க மீட்டர் என்ன வெல?"

விரிப்புக் கணக்கை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எண்பது சென்டிமீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள ரவிக்கைத் துண்டில் நாலரை அங்குலச் சதுரம் ஐம்பத்தாறு கிடைக்கும். தையலில் அரை அங்குலம் போனால் மிச்சம் நாலு அங்குலம். ஒற்றைக் கட்டிலுக்குப் பதினைந்து வரிசை அகலம், இருபத்திரண்டு வரிசை நீளம் வைத்தால் மொத்தம் 330 சதுரம். அதாவது ஆறே ஆறு ரவிக்கைத் துண்டு. இரண்டு மாதம் குறுக்கு ஒடிய உட்கார்ந்து தைத்தால் அலமாரியிலிருந்து போவது நாலு மீட்டர் எண்பது சென்டிமீட்டர். விரிப்புக்கு அடித்துணி வேண்டாமா? நாற்பத்துநாலு அங்குல அகலத் துணியில் இரண்டு நீளம் சேர்த்துப் பிடிக்க வேண்டும், ஐந்து மீட்டர். அது ஒரே நிறத்தில், புதிதாக, களியக்காவிளையிலிருந்து. ஆக ஒரு விரிப்பு முடியும்போது வீட்டுக்குள் வந்த துணி, போன துணியை இருபது சென்டிமீட்டரால் முந்திவிடுகிறது. பேத்திகள் மூன்று பேர். மூன்று விரிப்பு தைத்தால் அறுபது சென்டிமீட்டர். இன்னொரு விரிப்பு தைத்தால் இன்னொரு ரவிக்கைத் துண்டு சம்பாதித்த மாதிரி. காகிதத்தைக் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, "நடுவுல பஞ்சு வைக்கதுக்குக் கணக்கு போடேல்லியே" என்றார்.

இந்தச் சரித்திரத்தில் இருப்பு குறைந்த காலம் ஒன்றே ஒன்று. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. களியக்காவிளையில் எல்லை அடைத்தாயிற்று, இஞ்சிவிளையில் போலீஸ். கட்பீஸ் கடை ஷட்டர் இறங்கிவிட்டது. முகக்கவசம் கிடைக்காத நேரம். குடும்பஸ்ரீ மகளிர் அயல்கூட்டங்கள் தைக்க இறங்கின. அக்காவின் வீட்டில் பெட்டிகள் வெளியே வந்தன. துபாய்ப் பெட்டி திறந்தது. நைட்டித் துணியில் வார்டு மெம்பருக்குக் கவசம். பாவாடைப் பட்டில் பாதிரியாருக்குக் கவசம். ஊரில் எதிரே வருகிறவர் யாரென்று முகம் தெரியாத காலத்தில், மூக்குமேல் இருக்கும் பூவைப் பார்த்து 'இது நம்ம அக்கா வீட்டுத் துணி' என்று தெரிந்துகொண்டோம். எண்பது சென்டிமீட்டர் துண்டுக்கு முதன்முறையாகத் துணி குறையவில்லை. அரிசிப் பானையின் அடி தெரிந்தது. வீட்டுக்காரர் அதில் அரிசி போட்டுவைக்கலாமே என்று யோசனை சொன்னார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தானும் ஒரு முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

கடைகள் திறந்தபின் பானை நிரம்ப எவ்வளவு காலம் ஆயிற்று என்று எழுத வேண்டியதில்லை.

போன விருச்சிகத்தில் நம் பாறசாலை அக்கா புதுவழி ஒன்று கண்டார். வெள்ளறடைப் பக்கம் இதே குணத்தோடு ஒரு கூட்டுக்காரி இருக்கிறார். இருவரும் ஆகாத துணியைப் பரஸ்பரம் மாற்றிக்கொள்வது. இவருக்குக் குறைந்த கால் மீட்டர் அவரிடம் இருக்கும், அவருக்குக் குறைந்தது இவரிடம் இருக்கும். பிறகு இருவரும் கடைப்பக்கமே போவதில்லை. கேட்கவே நிறைவாக இருந்தது. ஆளுக்கு இரண்டு மூடை கட்டினார்கள். எங்கே வைத்து மாற்றுவது? இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் இடம் வேண்டும் என்று போனில் அரைமணி நேரம் ஆலோசித்துக் களியக்காவிளையை முடிவு செய்தார்கள். பாறசாலைக்காரி தெற்கே போக வேண்டும். வெள்ளறடைக்காரி பாறசாலையைத் தாண்டித் தெற்கே வர வேண்டும். எந்தப் படத்தை விரித்தாலும் அது நடுவில் வராது.

சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார்.

"போன மூடை ரெண்டுதானே? வந்திருக்கது மூணு இல்லியா?"

"அவ பாவம், வீட்ல வைக்க எடமில்லியாம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு வெள்ளறடைக்குப் போன் போட்டு அந்த அம்மாவின் வீட்டுக்காரரிடம் விசாரித்தார். அங்கேயும் மூன்றுதான் வந்திருந்தது.