உறுப்பினர் இலக்கணம்: ஒரு சண்டிலிப்பாய்க் காண்டிகையுரை

நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் கல்வளைப் பிள்ளையார்மேல் அந்தாதி பாடிவைத்துப் போனதால் சண்டிலிப்பாய்க்கு இலக்கியம் உண்டு. இலக்கணந்தான் குறை. அதைத் தீர்க்கப் பிரதேச சபை உறுப்பினருக்கு நான் இலக்கணம் செய்யப் புகுந்தேன். பிழை கண்டால் புலவர்கள் பொறுப்பார்கள். உறுப்பினர்கள் பொறுப்பார்களோ, அறியேன்.

முதலில் சொற்பிரிப்பு. பிரதேச செயலகம் சண்டிலிப்பாயில் இருக்கிறது. வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபை மானிப்பாயில் இருக்கிறது. முன்னது அரசாங்கத்தின் கந்தோர். பின்னது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்து, நாங்கள் புள்ளடி போட்டு அனுப்பியவர்கள் இருக்கும் இடம். பகுதி ஒன்றாயிருப்பதால் விகுதியை மறந்து, செயலகத்து வாசலில் நின்று தெருவிளக்குக் கேட்பவர் இன்றும் உளர்.

உறுப்பினர் பிறப்பால் இருவகையர்: இயற்பெயர், ஆகுபெயர். வட்டாரத்தில் நின்று வென்றவர் இயற்பெயர். நூற்றுக்கு அறுபது பேர் இவ்வகை. மீதி நாற்பதும் பட்டியலால் வருவோர். சபை எல்லை முழுதும் கட்சிக்கு விழுந்த வாக்கெல்லாம் திரண்டு இன்னொருவரைக் குறிப்பதால் இது ஆகுபெயர். இவரை இளக்காரமாக எண்ணவேண்டாம். சபையில் கால்வாசி பெண்களுக்கு என்ற விதியைப் பெரும்பாலும் நிறைவேற்றித் தந்தது இந்தப் பட்டியல்தான்.

இனி விகாரம். தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. தேர்தலுக்கு முன் படலையடியில் கும்பிட்டபடி நிற்பது தோன்றல். எங்கள் பக்கத்துப் பிரதேச சபைகளில் இதற்கு நாள் நட்சத்திரம் கிடையாது. 1998இல் ஒரு தேர்தல், அடுத்தது 2011, பிறகு 2018. 2023 மார்ச் 9 என்று குறித்த தேர்தல் காசில்லையென்று நின்றுபோய், 2025 மே 6இல்தான் நடந்தது. வென்றபின் ‘தம்பி’ என்ற சொல் ‘கௌரவ உறுப்பினர்’ ஆவது திரிதல். கெடுதலை மட்டும் விளக்கமாட்டேன். 1998இல் யாழ்ப்பாண மாநகர முதல்வர் சரோஜினி யோகேஸ்வரனை மே மாதம் கொன்றார்கள். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். உள்ளூராட்சிக்கு நின்றவர்கள் உயிரைக் கொடுத்த ஊரில், இதில் பகிடிக்கு இடமில்லை.

நூலின் உயிர் வினையியலில் இருக்கிறது. முடிந்த வேலை வினைமுற்று, அருகிய வழக்கு. வேலை போய்த் திறந்துவைத்தவரின் பெயர்க்கல் மட்டும் எஞ்சினால் பெயரெச்சம். ‘திருத்துவீதி’ என்பது வினைத்தொகை: திருத்தினார்களா, திருத்துகிறார்களா, திருத்துவார்களா என்பது தொக்கி நிற்கும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் நடுங்கிய ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு உதாரணம் தேடிப் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை: எரியா விளக்கு, ஓடா வாய்க்கால். மாரி வெள்ளம் வழுக்கையாற்றுக்குப் போகாமல் ஒழுங்கையிலேயே குடியிருந்தால் பின்னதன் பொருள் தெளிவாகும்.

ஆனாலும் உறுப்பினரைத் திட்டுமுன் வேற்றுமையியல் படிக்கவேண்டும். ‘எங்கள் வீதி’ என்றால் யாருடையது? பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு, அடுத்த தர வீதி மாகாணத் திணைக்களத்துக்கு, ஒழுங்கைதான் சபைக்கு. விளக்கு சபையுடையது, அது தொங்கும் தூண் மின்சாரக்காரருடையது. ஆறாம் வேற்றுமை பிழைத்தவர் தன் தவணை முழுதும் பிழையான மேசைக்கே கடிதம் எழுதித் தீர்ப்பார்.

இந்த வேற்றுமை அறிந்த ஒருவரைக் கண்டிருக்கிறேன். எந்தச் சபை என்று கேட்கவேண்டாம். மேடைப்பேச்சு வராது. சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி. ஒருநாள் ஆச்சி ஒருவர் படலையில் மறித்தார்.

“தம்பி, முடக்கு லைற் எரியேல்லை. நேற்று இருட்டுக்க மாட்டோட முட்டுப்பட்டனான்.”

“ஆற்ற மாடு ஆச்சி?”

“அது தெரிஞ்சா நான் ஏன் உன்னட்டச் சொல்லுறன்?”

அவர் கொப்பியில் ‘முடக்கு – பல்ப். மாடு – கட்டாக்காலி’ என்று எழுதினார். அடுத்த கிழமை பல்ப் வந்தது. மாட்டு விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. என் நூலில் வினைமுற்றுக்கு உள்ள ஒரே உதாரணம் அந்தப் பல்ப்.

கடைசியாக யாப்பு. உறுப்பினர் வாக்குறுதிகள் அந்தாதித் தொடையில் அமையும்: முடிந்த தவணையின் கடைசி அடி, அடுத்த தவணையின் முதலடி. சரிபார்க்க விரும்புவோருக்கு வழி உண்டு. சபை மாதாந்தம் கூடும். பொதுமக்களும் போய் இருந்து கேட்கலாம். சண்டிலிப்பாயிலிருந்து மானிப்பாய் சைக்கிளில் போகிற தூரந்தான்.