தேக்காவின் கொல்லைக் கக்கூஸும் சிங்கப்பூர் நகரமைப்பும்: ஓர் ஆய்வு

சிங்கப்பூர் நகரை அமைத்தவர் யார் என்று கேட்டால் பாடநூல் ராஃபிள்ஸைக் காட்டும். விவரம் தெரிந்தவர்கள் 1822இல் நகர வரைபடம் தீட்டிய லெப்டினன்ட் ஜாக்சனைச் சொல்வார்கள். இக்கட்டுரை இருவரையும் மரியாதையுடன் ஒதுக்கிவைக்கிறது. தேக்கா வட்டாரக் கடைவீடுகளின் கொல்லையில், நான்கு பக்கமும் செங்கல் வைத்து, உள்ளே ஒரு வாளியும் அதன்மேல் குந்த ஒரு திட்டுமாக நின்ற கக்கூஸே அந்நகரின் உண்மையான சிற்பி என்று நிறுவுவதே நம் நோக்கம். செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. வீரமாகாளியம்மன் கோயிலையே அக்காலத்தவர் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றுதான் அழைத்தார்கள். எனவே கட்டுமானப் பொருளைப் பற்றி மேலும் ஆராயத் தேவையில்லை. வாளி எந்த வழியாக வெளியேறியது என்பதில்தான் வரலாறே அடங்கியிருக்கிறது.

ராஃபிள்ஸ் கடைவீட்டின் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரையுள்ள நடைபாதை வேண்டும் என்று 1822இல் விதித்தார். அந்த அஞ்சடி இன்றும் நம்மை மழையிலிருந்து காக்கிறது. வீட்டின் முதுகோ அவர் சிந்தையில் ஏறியதாகத் தெரியவில்லை. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகளில் பின்வாசலுக்கு வேலையே இல்லை. நிரம்பிய வாளி அடுப்படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, கடையில் அரிசி மூட்டைகளுக்கு இடையே நெளிந்து, முன்வாசல் வழியாகத்தான் தெருவுக்கு வர வேண்டும். கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்து பழகிய பேராசிரியர் சிம்ப்சன் 1906இல் சிங்கப்பூருக்கு வந்து பார்த்தார்; மறு ஆண்டு வெளியான அறிக்கையில் வீட்டு வரிசைகளுக்கு நடுவே பின்சந்து வெட்டச் சொன்னார். சொல்வது எளிது, வெட்டுவதற்கு நிலம் எடுக்க வேண்டும், சுவரை இடிக்க வேண்டும், உரிமையாளர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டும். இத்தகைய வேலைகளுக்காகவே 1927இல் சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் பிறந்தது. அந்த டிரஸ்டின் இடத்தில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற வீவக வந்து அமர்ந்தது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் எட்டுப் பேர் வீவக வீட்டில் குடியிருக்கிறார்கள். வம்சாவளியைப் பின்னோக்கிப் படித்துப் பாருங்கள்: அடுக்குமாடி, வீவக, டிரஸ்ட், பின்சந்து, வாளி.

மறுப்பாளர்கள் உடனே எழுவார்கள். சிம்ப்சன் கவலைப்பட்டது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும், காசநோய் பரவிய இருட்டறைகளுக்கும்தான், கக்கூஸ் அதில் ஓர் ஓரப்பொருள் என்பார்கள். காற்று வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் காற்று உள்ளே வர ஒரு சாளரமோ முற்றமோ போதும். தோளில் தண்டு வைத்து இரு முனையிலும் வாளி தொங்கவிட்டு நடப்பவருக்குத்தான் சந்து வேண்டும், திரும்ப இடமும் வேண்டும். (அவரை எந்த நினைவுச் சின்னத்திலும் காணோம் என்பதை இந்த வேடிக்கை ஆய்வும் வேடிக்கையில்லாமல் குறித்துவைக்கிறது.) டிரஸ்ட் தியோங் பாருவில் அழகான குடியிருப்புகளையும் கட்டியதே என்று இன்னொருவர் கேட்பார். மகன் பெரிய உத்தியோகத்துக்குப் போய்விட்டான் என்பதற்காக அப்பன் பெயரை மாற்ற முடியாது.

கடினமான மறுப்பு ஒன்று உண்டு. 1987 ஜனவரியில் கடைசி வாளியும் அகற்றப்பட்டுவிட்டது. கட்டடமே இல்லாதபோது எதை வைத்து வாதாடுகிறீர்? கட்டடம் போனபின் சந்துகள் ஏன் போகவில்லை என்று திருப்பிக் கேட்கிறோம். சதுர அடிக்குத் தங்க விலை சொல்லும் ஊரில், வேலை முடிந்த ஒரு சந்தை அடைத்து அறை கட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்றால் அதன் செல்வாக்கு சாதாரணமானதல்ல. 1989 ஜூலையில் தேக்கா அடங்கிய லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. நகர மறுசீரமைப்பு ஆணையம் பழைய கடைவீட்டில் காக்க வேண்டிய கூறுகள் என்று கூரை, மரப்படி, சாளரங்களோடு பின்முற்றத்தையும் சேர்த்துப் பட்டியலிட்டது. கக்கூஸ் நின்ற வெற்றிடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு! சுற்றுலாப் பயணிகள் இப்போது பின்சந்துச் சுவரோவியங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாருடைய வழித்தடத்தில் நிற்கிறோம் என்று வழிகாட்டிகள் சொல்வதில்லை, சொன்னால் கூட்டம் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

எஞ்சுவது தகுதி பற்றிய ஆட்சேபம்: கண்ணியமான நாடு தன் தோற்றத்தை இப்படிப்பட்ட இடத்தில் தேடலாமா? இதற்குச் சிங்கப்பூர் அரசே விடை சொல்லிவிட்டது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் அது தானே முன்மொழிந்து நிறைவேற்றிய முதல் தீர்மானம் வணிகத்தைப் பற்றியதும் அல்ல, கடல்வழியைப் பற்றியதும் அல்ல. 2013இல் வந்த அத்தீர்மானம், நவம்பர் 19ஐ உலகக் கழிவறை நாளாக அறிவித்தது.