மணலுக்கும் விண்ணுக்கும் ஒரே கணக்கு

பாலைவன வாழ்க்கை, விண்வெளிப் பயணம் இரண்டையும் சேர்த்துக் கேட்டு நீலகிரி வாசகர்கள், அதிலும் கேத்திப் பள்ளத்தாக்கினர், அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கே: ராஜஸ்தான் பாலைவனத்தில், கரண்ட் கம்பமும் குடிநீர்க் குழாயும் எட்டாத இடத்தில் வீடு கட்டிக் குடியேற ஆசை. இப்போதிருந்தே எதைச் சேர்த்து வைக்க வேண்டும்?
கல்லூரி மாணவர், கேத்தி பாலாடா

ப: தண்ணீரை. அதற்கும் முன்னால் தண்ணீர்க் கணக்கை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஜெய்சல்மேர் பக்கம் ஆண்டு மழையே 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான். மழை ஏமாற்றும் ஊர் என்பதால் 150 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில், சிந்தியதும் ஆவியானதும் போக, சுமார் 11,000 லிட்டர் தேறும். நாளைக்கு 30 லிட்டர். தனி ஆளுக்குச் சமாளிக்கலாம். நான்கு பேர் என்றால் ஆளுக்கு ஏழரை லிட்டர். குடிக்கலாம், சமைக்கலாம், துணி துவைக்க முடியாது.

அதனால்தான் அங்குள்ள கிராமத்தார் கூரையை மட்டும் நம்பி இருப்பதில்லை. வீட்டருகே தரையைக் கெட்டித்து, நடுவை நோக்கிச் சரிவாக்கி, நிலத்துக்கடியில் ‘டாங்கா’ என்னும் தொட்டி கட்டி, விழும் மழையையெல்லாம் அதில் இறக்குகிறார்கள். சோலார் பேனலை எந்த மாதமும் வாங்கலாம். மழை வருடத்தில் சில நாள்தான் வரும். ஆகவே முதல் செலவு தொட்டிக்கு.

கே: இத்தனை மழை பெய்யும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பாலைவனத்துக்குத் தயாராக முடியுமா?
இல்லத்தரசி, எல்லநள்ளி

ப: முடியும். 2009 நவம்பர் 10 அன்று பதிவான 24 மணி நேர மழை கேத்தியில் 820 மில்லிமீட்டர். ஜெய்சல்மேருக்கு நான்கு ஆண்டுகளில் கிடைப்பது நமக்கு ஒரே நாளில் கொட்டியது. மண் சரிந்து நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அப்படிப்பட்ட மழையைக் கண்ட மலையிலேயே கோடை வந்தால் குடத்தோடு காத்திருக்கிறோம். பெய்வதைப் பிடித்து வைக்கும் பழக்கத்தை இங்கேயே தொடங்குங்கள். அதற்கு ராஜஸ்தானுக்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை.

கே: என் மகன் வேலையை விட்டுவிட்டுப் பாலைவனத்துக்குப் போகிறேன் என்கிறான். ராத்திரியெல்லாம் ராக்கெட் வீடியோ. எப்படித் தடுப்பது?
ஒரு தாய், லவ்டேல்

ப: தடுக்காதீர்கள் அம்மா, ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம், உங்கள் வீட்டிலேயே. அவன் அறைக்கு வரும் கரண்டை நிறுத்திவிட்டு ஒரு பேனல், ஒரு பேட்டரி மட்டும் கொடுங்கள். நாளைக்கு 30 லிட்டர் தண்ணீரை அளந்து வையுங்கள். குளியல், கழிப்பறை, பாத்திரம் எல்லாம் அதற்குள். விண்வெளி வீரர்களும் கிளம்புமுன் மாதக்கணக்கில் பூமியிலேயே ஒத்திகை பார்க்கிறார்கள். மாத முடிவிலும் ஆசை குறையவில்லை என்றால் அது உண்மையான ஆசை. அப்போது அவனோடு நீங்களும் உட்கார்ந்து திட்டம் போடுங்கள்.

கே: விண்வெளி நிலையத்தில் சிறுநீரைச் சுத்தம் செய்து குடிக்கிறார்களாமே?
ஓய்வுபெற்ற தொழிலாளி, அருவங்காடு

ப: ஆமாம். வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சேர்த்து 98 சதவீதம் நீரை மீட்டெடுக்கும் நிலையை எட்டியதாக 2023-ல் நாசா அறிவித்தது. பாலைவன வீட்டுக்கு அத்தனை இயந்திரம் வேண்டாம். குளித்த நீர் செடிக்குப் போனாலே கணக்கில் பெரிய மாற்றம் தெரியும்.

கே: ராக்கெட்டையும் பாலைவனத்தையும் ஒன்றாகப் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே இடம் உண்டா?
ஆசிரியை, கோத்தகிரி

ப: இருக்கிறது. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தூத்துக்குடி மாவட்டம், குலசேகரப்பட்டினம்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே நேராக ராக்கெட்டை விட முடியாது; வழியில் இலங்கை. அதைச் சுற்றி வளைத்துத்தான் துருவப் பாதைக்குத் திருப்ப வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும். பி.எஸ்.எல்.வி. போன்ற பெரியவன் தாங்கிக்கொள்வான். 500 கிலோ வரை சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுக்கோ அந்த வளைவிலேயே சுமையின் பெரும்பங்கு போய்விடும். குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் திறந்த கடல். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அன்றே ரோகிணி வகைச் சிறு ராக்கெட் ஒன்றும் அந்த மண்ணிலிருந்து பறந்தது.

அந்தக் கடற்கரைக்குப் பின்னால் விரிவதுதான் தேரி. இரும்புச்சத்தால் சிவந்த மணல், பனை, குடைவேல முள், ஆடிக்காற்றில் இடம் மாறும் மேடுகள். மழை ஜெய்சல்மேரைவிடக் கூடுதல்தான். ஆனால் பெய்வதை மணல் நொடியில் குடித்துவிடும். அதற்கு நடுவிலும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை இருக்கிறது. பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சி அந்த மண்ணில் வாழ்ந்த குடும்பங்களுக்கு எந்தப் பள்ளத்தில் ஊற்று கிடைக்கும், எந்த மாதம் எந்தத் திசைக் காற்று மணலைத் தள்ளும் என்பதெல்லாம் அத்துப்படி. ராஜஸ்தானுக்குக் கிளம்புமுன் ஒரு கோடை முழுதும் தேரியில் தங்குங்கள். மொழி நம்முடையது, கேட்டால் சொல்லித் தர ஆள் உண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏவுதளத்துக்காக நிலம் கொடுத்த ஊர்களின் பிள்ளைகள் அதன் வாசலில் காவலுக்கு நிற்பவர்களாக மட்டும் ஆகிவிடக் கூடாது. உள்ளே பொறியாளராக, டெக்னீசியனாக நுழையும் வகையில் அங்கேயே படிப்பும் பயிற்சியும் வேண்டும்.

கே: பாலைவனம் யாருக்கும் சொந்தமில்லாத காலி நிலம்தானே, போய்க் குடியேறினால் யார் கேட்பார்கள்?
வியாபாரி, குன்னூர்

ப: வன்னி மரத்தைக் கேளுங்கள். ஜோத்பூர் அருகே கேஜ்ரலி கிராமத்தில் 1730-ல், அரண்மனைக்காக வன்னி மரங்களை வெட்ட ஆள் வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண்ணின் பின்னால் பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டார்கள். அந்த மண்ணில் மேய்ச்சலுக்கும் குளத்துக்கும் மரத்துக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பட்டா பார்த்து வாங்குங்கள், ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டு வீடு கட்டுங்கள்.

கே: வெயில் ஒத்துக்கொள்ளாத எங்களைப் போன்ற மலைக்காரர்களுக்குக் குளிர் பாலைவனம் சரிப்படுமா?
தேயிலை விவசாயி, கட்டபெட்டு

ப: லடாக் உங்களைக் கூப்பிடுகிறது. ஆனால் நம் மலையின் 2,000 மீட்டரை நம்பி அங்கே ஓடாதீர்கள். லே நகரமே 3,500 மீட்டர் உயரம். முதல் இரண்டு நாள் படுத்து ஓய்வெடுத்தாக வேண்டும்.

லே அருகே சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் உருவாக்கிய செக்மோல் பள்ளியைப் பற்றித் தேடிப் படியுங்கள். மண்ணை இடித்துக் கட்டிய தடித்த சுவர்கள், தெற்கே பார்த்த கண்ணாடிகள். குளிர்கால வெயிலைப் பகலில் உள்ளே பிடித்து இரவில் அந்தச் சுவர்களே வீட்டைச் சூடாக வைக்கின்றன. உறைபனி விழும் நம் ஊரிலும் அப்படிக் கட்டலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

அதே லடாக்கில் 4,500 மீட்டருக்கு மேல் உள்ள சோ கர் உப்பு ஏரிக்கரையில், 2025 ஆகஸ்டில் இரண்டு பேர் 10 நாள் மூடிய கூடாரத்துக்குள் வாழ்ந்தார்கள். செவ்வாயிலும் நிலவிலும் வாழ்வதற்கான ஒத்திகை அது. மெலிந்த காற்று, கடுமையான புறஊதாக் கதிர், உறைந்த உப்புமண் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால் அங்கே போனார்கள்.

கே: வெயில் அதிகம் என்றால் சோலாரும் அதிகம்தானே?
எலக்ட்ரீஷியன், குன்னூர்

ப: வெளிச்சம் அதிகமானால் கரண்ட் கூடும், சூடு அதிகமானால் குறையும். 25 டிகிரிக்கு மேல் பேனல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் இழப்பு. மே மாத மதியத்தில் பேனல் 65 டிகிரி ஆனால் 16 சதவீதம் போச்சு. எனவே பேனலைக் கூரையோடு ஒட்டாமல் காற்று புக இடம் விட்டு மாட்டுங்கள். பேட்டரியை நிழலில், முடிந்தால் நிலத்துக்கடியில் வையுங்கள்.

அடுத்த எதிரி தூசி. செவ்வாயில் பல ஆண்டு உழைத்த ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி 2018 ஜூனில் புழுதிப்புயலில் கரண்ட் இழந்து மௌனமானது. இன்சைட் கலமும் பேனலில் தூசி மூடியதால் 2022 டிசம்பரில் ஓய்ந்தது. துடைக்க அங்கே ஆள் இல்லை. உங்கள் கூரையில் நீங்கள் இருக்கிறீர்கள். விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது, மெல்லிய துணியால் துடையுங்கள். கொதிக்கும் மதியத்தில் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம்.

கே: இடி மின்னல்?
அதே வாசகர்

ப: காய்ந்த மணல் கரண்டை எளிதில் கடத்தாது. அங்கே எர்த்திங் நம் ஈர மண்ணில் போடுவது போலச் சுலபமில்லை; கம்பி ஆழமாக இறங்க வேண்டும், குழியில் ஈரம் காக்க வேண்டும். இடிமேகத்தை லேசாக எண்ணாதீர்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியின் மேல் திரண்ட ஒரு மேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததை இங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் மியூவான் துகள்களை வைத்துக் கணக்கிட்டது.

கே: அங்கே என்ன விளையும்?
காய்கறி விவசாயி, கேத்தி

ப: தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயறும் கம்பும். விண்வெளிக்கும் பயறு போயிருக்கிறது. 2024 டிசம்பர் 30-ல் கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-யோடு போன சிறு பெட்டியில் இஸ்ரோ காராமணி விதைகளை நான்கே நாளில் முளைக்க வைத்தது. 2025-ல் விண்வெளி நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லா பாசிப்பயறையும் வெந்தயத்தையும் முளைக்க விட்டார். உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலேயே தொடங்கலாம்.

கே: தண்ணீரில்லாத கழிப்பறை சாத்தியமா? கூச்சத்தோடுதான் கேட்கிறேன்.
வாசகி, வெலிங்டன்

ப: கூச்சமே வேண்டாம், தவிர்க்க முடியாத கேள்வி. திருச்சி மாவட்டம் முசிறியில் ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம் மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து உரமாக்கும் கழிப்பறைகளைக் கட்டிப் பல ஆண்டுகளாகின்றன. அங்கே போய்ப் பாருங்கள்.

கே: விண்வெளிக்கும் நம் மலைக்கும் என்ன சம்பந்தம்?
பள்ளி மாணவன், பாலாடா

ப: தம்பி, உன் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் நிற்கிறது. முத்தோரை ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970 முதல் வேலை செய்கிறது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் சரியான சரிவுள்ள மலையைத் தேடி அதைக் கட்டினார். அந்தச் சரிவு ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமான 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. பூமி சுழலும்போது ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். சூரியனிலிருந்து வரும் காற்றையும் அது கவனிக்கிறது.

இன்னொன்று: மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரில் அஜித் கிருஷ்ணன் வெலிங்டன் ராணுவ அதிகாரிகள் கல்லூரியில் படித்தவர், பிரசாந்த் நாயர் அங்கே பயிற்றுநராக இருந்தவர்.

கே: சிக்னல் இல்லாத இடத்துக்கு சாட்டிலைட் போன் வாங்கிக்கொண்டு போகலாமா?
ஓட்டுநர், கூடலூர்

ப: அனுமதியில்லாமல் கையில் வைத்திருந்தாலே இந்தியாவில் குற்றம். எல்லை மாவட்டமான ஜெய்சல்மேரில் கேட்கவே வேண்டாம். ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் பெற்றது. இணைப்பு விற்பனைக்கு வந்தபின் முறைப்படி வாங்குங்கள். ஊரார் ஒருவரிடமாவது உங்கள் போக்குவரத்தைச் சொல்லி வைப்பதை எந்தக் கருவியும் ஈடுசெய்யாது.

கே: எனக்கு 13 வயது. விண்வெளியில் இருப்பவரோடு நான் பேச முடியுமா?
பள்ளி மாணவி, கேத்தி

ப: முடியும் பாப்பா. 2025 ஜூலையில் பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் கூடிய மாணவர்கள் சுபான்ஷு சுக்லாவோடு ஹாம் ரேடியோவில் பேசினார்கள். அவர் தங்கியிருந்த விண்வெளி நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. ஓர் ஊருக்கு மேலே கடக்கும் சில நிமிடம்தான் பேச நேரம், ஆகவே கேள்வி சுருக்கமாக இருக்க வேண்டும். சொந்தமாக ஹாம் ரேடியோ வைத்துக்கொள்ள மத்திய அரசின் தேர்வு எழுத வேண்டும். குறைந்தபட்ச வயது 12. உனக்கு வயது வந்துவிட்டது, பாடத்தை ஆரம்பித்துவிடு.