போடியார்ட காணியும் உன்ட மல்லொக்கும்

வா மனே, இரி. வந்தாறுமூலைக் கம்பஸில சி மொழி படிக்கிற பிள்ளைக்கு, வாவிக்கு அங்கால படுவான்கரையில வேளாமை செஞ்ச கிழவன் என்னத்தச் சொல்லுறதெண்டு சிரிக்கிறாய். சிரி. ராவு உன்ட லப்டொப் முக்கி முக்கி நிண்டதப் பாத்து நானும் சிரிச்சிட்டுத்தான் இரிக்கன்.

மெமரி கேக்கிற மல்லொக் எண்டா என்ன? வயல் செய்யிற முல்லைக்காரன் காணிக்காரப் போடியாரிட்டக் காணி கேக்கிறது. அவர் தந்த காணி எங்க கிடக்கெண்டு பொயின்டரில எழுதி வெச்சாய். வேளாமை வெட்டினா ஃப்ரீ சொல்லித் திருப்பிக் குடுக்கணும். நீயோ, அதே பொயின்டரில அடுத்த மல்லொக்க எழுதிப் பழைய விலாசத்த அழிச்சுப்போட்டாய். இனி அந்தக் காணி உனக்கும் இல்ல, மத்தவனுக்கும் இல்ல. கெட்டிக்காரன்!

"புரோகிராம் முடிஞ்சா சிஸ்டமே எல்லாத்தையும் எடுத்திரும் அப்பப்பா" எண்டுறாய். மெய்தான், உன்ட அசைன்மென்ட் ரெண்டு செக்கனில செத்திரும். மாசக்கணக்கா ஓடுற சேவர்? 2012 ஒக்டோபரில அமேசன்ட சேவருகள் இப்பிடித்தான் மெமரி ஒழுகிப் படுத்தது. அதில ஓடின ரெடிட் தளமும் சேந்து படுத்தது.

உன்ட கூட்டாளி இன்னும் நல்ல மனிசன். ஒரு காணிய ரெண்டு தரம் திருப்பிக் குடுக்கிறார்! முதல் தரத்தோட போடியார் அத வேறாளுக்குக் குடுத்திட்டார். ரெண்டாந் தரம் பறிபோறது அந்தப் பாவிட வயல். 2019இல அன்ட்ராய்ட் வாட்ஸ்அப்பில இதே பிழையத்தான் கண்டுபிடிச்சாங்க. ஜிஃப் படம் பிரிக்கிற நிரல்ல, மெமரிட அளவ மாத்துற ரீஅலொக்குக்கு அளவு 0 போனா அதுவே ஃப்ரீ பண்ணிரும். மறுகா இன்னொருக்கா ஃப்ரீ. கள்ளன் செஞ்சனுப்பின ஒரு படம் ஃபோனில கிடந்தா, நீ வாட்ஸ்அப்பில கலரியத் திறக்கக்குள்ள அவன் உள்ளுக்கு வர அப்ப வழி இரிந்திச்சி.

ஃப்ரீ பண்ணினாலும் பொயின்டரில பழைய விலாசம் அப்பிடியேதான் கிடக்கும். சி அத அழிச்சுத் தராது. அது உன்ட அம்மாவா, பின்னால வந்து கூட்டிப் பெருக்க? அடுத்த வரியிலயே அதில நல் (NULL) எண்டு எழுது. நல் பொயின்டர எத்தின தரம் ஃப்ரீ பண்ணினாலும் ஒண்டும் ஆகாது. சி விதியிலயே அப்பிடித்தான். அதே விலாசத்த வேற பொயின்டருக்கும் ரகசியமாக் குடுத்து வெச்சிருந்தா, அதையும் நீதான் தேடி அழிக்கணும்.

வல்கிரின்ட் எண்டு ஒரு கருவி இரிக்கி, காசும் கேக்காது. எந்த வரியில எடுத்த மெமரி திரும்பி வரல்ல எண்டு கோள் சொல்லும். சோறு பிறகு தின்னலாம், முதல்ல அத ஓட்டிப் பாரு மனே.