‘அருகே’யின் நீளம்: செய்தித்தாள் அளவை ஒன்றைப் பற்றிய ஆய்வு

எடை, அளவைகளுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மைலையும் பர்லாங்கையும் வழியனுப்பி வைத்தது. அதன் கண்ணில் படாமல் தப்பிய நீட்டலளவை ஒன்று தமிழ் நாளிதழ்களில் இன்றும் புழங்குகிறது. அதன் பெயர் ‘அருகே’. திருவள்ளூர் மாவட்டச் செய்திப் பக்கம் இதன் தலைசிறந்த ஆய்வுக்களம். தனியார் உருக்காலையில் தீப்பிடிப்பது, பேருந்தில் வந்த கஞ்சா சிக்குவது, ஆந்திராவுக்குக் கிளம்பிய ரேஷன் அரிசி வழியிலேயே மடக்கப்படுவது எல்லாம் ‘கும்மிடிப்பூண்டி அருகே’தான். கும்மிடிப்பூண்டிக்குள் என்னதான் நடக்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது. இத்தொடரில் வேற்றுமை உருபு தொக்கி நிற்பதையும் கவனிக்க வேண்டும். ‘கும்மிடிப்பூண்டிக்கு அருகே’ என்று எழுதினால் ‘எத்தனை கிலோமீட்டர்?’ என்று யாராவது கேட்டுவிடக்கூடும். உருபு போனதும் கேள்வியும் போய்விடுகிறது. மனை விற்போர் மட்டும் ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று உருபைத் துணிந்து விரித்து எழுதுகிறார்கள்; அவர்களுடைய துணிச்சல் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

‘அருகே’ எவ்வளவு தூரம்? பொன்னேரி அருகே பழவேற்காடு என்னும்போது அது ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சென்னை அருகே கும்மிடிப்பூண்டி என்னும்போது 45-ஐத் தொடுகிறது. சென்னை அருகே ஸ்ரீஹரிகோட்டா என்னும்போது ‘அருகே’ மாநில எல்லையையே தாண்டிவிடுகிறது. இந்த முரணைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. இதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆட்டுத் திருட்டு என்றால் ‘மாதர்பாக்கம் அருகே’. சிப்காட் தொழிற்சாலையில் தீ என்றால் ‘கும்மிடிப்பூண்டி அருகே’. ராக்கெட் என்றால் ‘சென்னை அருகே’. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில், நின்றிருந்த சரக்கு ரயில் மீது பாக்மதி விரைவு ரயில் மோதியது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. ஆனால் அதுவரை கும்மிடிப்பூண்டியின் அருகாமையைக் கொண்டே காலந்தள்ளி வந்த கவரைப்பேட்டை, அந்த ஓர் இரவில் ‘சென்னை அருகே’ போய்ச் சேர்ந்தது. தண்டவாளத்தில் ஓர் அங்குலமும் நகராமல் ஓர் ஊர் தலைநகரை நெருங்கியது எப்படி? விதி இதுதான்: செய்தியின் பருமன் கூடக்கூட ‘அருகே’யின் நீளம் கூடும். ஆகவே ‘அருகே’ நீட்டலளவையின் வேடத்தில் நடமாடும் முகத்தலளவை. அது அளப்பது தூரத்தை அல்ல, சம்பவத்தின் கொள்ளளவை.

வாசகருக்குத் தெரிந்த ஊரைச் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள், அவ்வளவுதானே என்று சிலர் மறுக்கலாம். அப்படியானால், ஒரே நாளிதழின் ஒரே பதிப்பில், ஒரே வாசகருக்கு, ரயில் விபத்து சென்னை அருகேயும், அதே ஊரில் நடந்த சங்கிலிப் பறிப்பு கும்மிடிப்பூண்டி அருகேயும் ஆவது ஏன்? வாசகரின் பூகோள அறிவு பக்கத்துக்குப் பக்கம் மாறுவதில்லை. நிருபருக்குச் சரியான இடம் தெரியாததால் ‘அருகே’ போடுகிறார் என்பது இன்னொரு மறுப்பு. இது நிருபருக்கு இழைக்கும் அநீதி. செய்தியின் கடைசி வரியைப் பாருங்கள்: ‘ஆரம்பாக்கம் போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.’ இடம் அவருக்கு முதலிலேயே தெரியும். முதல் வரி பருமனுக்கு, கடைசி வரி இடத்துக்கு என்று முறையாகப் பங்கிட்டிருக்கிறார். ‘ஆரம்பாக்கம் அருகே போலீசார்’ என்று எந்த நிருபரும் எழுதியதில்லை. காவல் நிலைய எல்லையோடு விளையாடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

‘கும்மிடிப்பூண்டி அடுத்த’ என்றும் எழுதுகிறார்களே, இலங்கை இதழ்களில் ‘அண்மித்த பகுதி’ என்கிறார்களே என்பது மூன்றாவது மறுப்பு. பெயர்தான் வேறு, இரண்டும் இதே அளவையின் பங்காளிகள். பெரிய ஊர் எதுவும் சின்ன ஊருக்கு அடுத்ததாகவோ, அண்மித்ததாகவோ எழுதப்படுவதில்லை. எளாவூர் அருகே சென்னை இருக்கிறது என்பது கணக்குப்படி முழு உண்மை. ஆனால் அதை அச்சிடும் ஆசிரியர் இன்னும் பிறக்கவில்லை. மாவட்டத் தலைநகராக 1997-இல் உயர்ந்த திருவள்ளூரும் இதற்கு விலக்கல்ல. அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் வர வேண்டுமானால் சென்னைக்குப் போய் வேறு பாதை பிடிக்க வேண்டும். அப்படியிருந்தும், மாவட்டத்துக்குள் எது நடந்தாலும் ‘திருவள்ளூர் அருகே’ என்று சொந்தம் கொண்டாடும் உரிமை அதற்கு உண்டு.

எனவே ‘அருகே’யை ஒழித்துவிட்டு அட்சரேகை, தீர்க்கரேகை அச்சிடலாம் என்ற யோசனையை இவ்வாய்வு ஏற்கவில்லை. இடத்தைத் தேடுவோர் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படித்தால் போதும். மற்றவர்களுக்கு முதல் வரியே தக்க முன்னறிவிப்பு: காலையில் காபியோடு பேப்பரை விரிக்கும் ஆரம்பாக்கத்துக்காரர், தம் ஊர் ‘கும்மிடிப்பூண்டி அருகே’ இருக்கக் கண்டால் நிம்மதியாக அடுத்த பக்கத்தைப் புரட்டலாம். ‘சென்னை அருகே’ இருந்தால் மட்டும், காபியைக் கீழே வைத்துவிட்டு மேற்கொண்டு படிப்பது நல்லது.